காக்னேட்: உடன்பிறந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

பெங்களூரு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினால் நடத்துனர் 'ஹத்து ரூபாய்' என்பார். முதல் நாள் விழிப்போம். ஹத்து என்பது நம்முடைய பத்துதான் என்று பிடிபட்டுவிட்டால் அப்புறம் எல்லாம் தானாக அவிழும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. பழங்கன்னடத்திலும் இவை 'ப'வில்தான் தொடங்கின. பிற்பாடு 'ஹ' ஆயின. இப்படி ஒரே மூலச் சொல்லிலிருந்து வெவ்வேறு மொழிகளில் பிரிந்து வளர்ந்த சொற்களைத்தான் மொழியியலார் 'காக்னேட்' என்கிறார்கள்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'கோ' என்றால் கூட, 'க்னாதுஸ்' என்றால் பிறந்தவர். ரோமானியர் சட்டத்தில் தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் வரும் ரத்த உறவினர் 'காக்னாதி'. ஆண்வழியில் மட்டும் வருபவர் 'அக்னாதி', ஏறக்குறைய நம் ஊர்ப் பங்காளி மாதிரி. சொத்துத் தகராறில் புழங்கிய சொல் பிற்பாடு மொழி ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தது. ஒரு வேடிக்கையும் உண்டு. 'க்னாதுஸ்' என்பதும் வடமொழியில் பிறப்பைக் குறிக்கும் 'ஜன்' என்ற வேரும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. அந்த வேரில் கிளைத்த ஜனம், ஜென்மம், ஜாதி எல்லாம் தமிழுக்கும் வந்தன. ஆக, நம் வாயில் புழங்கும் சாதிக்கும் காக்னேட்டுக்கும் தூரத்து உறவு.

மொழிகளுக்குள் உறவு தேடும் வேலையை ஆரம்பத்தில் செய்தவர்கள் மொழி அறிஞர்களே அல்லர். 1580-களில் இந்தியாவுக்கு வந்த ஃபிளாரன்ஸ் வணிகர் பிலிப்போ சசெத்தி, வடமொழியின் ஷட், சப்த, அஷ்ட, நவ ஆகியவை இத்தாலியின் செய், செத்தே, ஒத்தோ, நோவே போலவே இருப்பதைக் கண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, 1767-இல் வடமொழி, லத்தீன், கிரேக்கச் சொற்களை வரிசைப்படுத்திப் பாரீஸுக்கு அனுப்பினார். அது அச்சேற 1808 ஆகிவிட்டது. அதற்குள், 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இதே உறவைப் பற்றிப் பேசிவிட்டார். பெயரும் அவருக்கே போனது. ஜோன்ஸ் சொன்னதில் முக்கியமானது ஒன்று: இம்மூன்றும் ஒன்றுக்கொன்று தாய் அல்ல, இன்று இல்லாமலே போயிருக்கக்கூடிய ஒரு மூலத்திலிருந்து வந்த அக்கா தங்கைகள்.

ஆனால் ஒலி ஒத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியவர்கள் டென்மார்க்கின் ராஸ்க் (1818), ஜெர்மனியின் கிரிம் (1822). லத்தீனில் 'ப' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒழுங்காக 'ஃப' வருகிறது: பாத்தெர் - ஃபாதர், பிஸ்கிஸ் - ஃபிஷ். கன்னடத்துப் பத்து–ஹத்து கதையேதான். உறவுக்குச் சாட்சி ஒற்றுமை இல்லை, வேற்றுமையில் உள்ள ஒழுங்கு.

இதை மறந்தால் எங்கே வழுக்கி விழுவோம் என்பதற்கு நம் 'எட்டு' ஒன்றே போதும். எட்டும் ஆங்கிலத்து எயிட்டும் ஒன்று என்று அடித்துச் சொல்பவர்களை வாட்ஸ்ஆப்பில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். சரி, இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் நடுவே வாய் பேசாத இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. முன்பு அங்கே தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி இருந்தது. லத்தீனில் அது 'ஓக்டோ'. நம்முடையதோ எண்பது, எண்ணூறு, எண்திசை என்று ணகரத்தை ஒளித்து வைத்திருக்கிறது. கன்னடத்தில் 'எண்டு' என்று வெளிப்படையாகவே இருக்கிறது. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உடன்பிறந்தவை என்றால் நெருங்கியிருக்க வேண்டும்.

தென்னிந்திய மொழிகளுக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டவர் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ். தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, இவை வடமொழியில் பிறந்தவை அல்ல, தமக்குள் ஓர் இனம் என்று 1816-இல் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல், கால்டுவெல் அதைப் பெருநூலாக விரித்தார்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு சொல்கிறது. பிற்கால இலக்கணத்தில் தற்சமம், தற்பவம் உண்டு. தற்சமம் வடமொழியிலிருந்து அப்படியே எடுத்த சொல், தற்பவம் கடன் வாங்கித் திரித்த சொல். உறவு அல்ல, வரவு. 'ஒத்த சொல்' என்றால் எட்டு–எயிட் குழியிலேயே விழுவோம். 'உறவுச்சொல்' என்றால் மாமா, சித்தி நினைவுக்கு வருகிறார்கள். 'இனமொழி' என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அதே வழியில் 'இனச்சொல்' என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிறப்பும் அதில் இருக்கிறது, வாயிலும் நிற்கிறது. விளக்கும்போது 'உடன்பிறந்த சொல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயன்படுத்திப் பார்ப்போம். இகர எகரங்களுக்கு முன் கன்னடத்தில் ககரம் நிற்கும் பல இடங்களில் தமிழில் சகரம் வரும்: கிவி–செவி, கெய்–செய். சிவப்பைக் குறிக்கும் கன்னடக் 'கெம்பு'க்கும் நம் செம்மையின் 'செம்'முக்கும் இதே உறவு, இவை இனச்சொற்கள். ஆனால் பரதநாட்டியக்காரர்கள் அணியும் கெம்பு நகையில் உள்ள 'கெம்பு' அக்கம்பக்கத்திலிருந்து நாம் வாங்கியது. நம் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் அது சகரத்தில் தொடங்கியிருக்கும்.

கேர்தூ வாழ்ந்த புதுச்சேரியின் 'சேரி'யும் இதில் சேர்த்திதான். கன்னடத்தில் அது 'கேரி'. மடிகேரியின் வாலில் இருப்பது அதுவே. பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதால் சேரி என்று பொருள் சொல்வது நம்மிடம் வழக்கம். அப்படியானால் சேர்தலுக்கும் கன்னடத்தில் 'கேர்' என்று இருக்க வேண்டும் அல்லவா? அங்கே அது 'சேரு'.