வேலையில் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

கோலாலம்பூரில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைக் கவனிக்கும் என்னிடம் புகைப்படங்களைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஒரு ராஜினாமாவுக்குப் பிறகுதான் வந்து சேரும். வேலையில் இருக்கும்வரை அது யாருடைய படம் என்று யாரும் கேட்பதில்லை. விலகியவர் தான் எடுத்த படங்களைத் தன் இன்ஸ்டாகிராமில் போட்டதும் பழைய முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருகிறது. சிலர் கோபத்தில் கூகல் டிரைவில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பிறகு நோட்டீஸ் இன்னும் காரமாக வருகிறது.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் மார்க்கெட்டிங் வேலை பார்த்த தம்பி ஒருவர் இப்படித்தான் வந்தார். கேமரா அவருடையது, லென்ஸ் அவருடையது. தீபாவளிச் சேலைகளுக்காகக் கடை மூடிய பிறகும் நின்று படம் எடுத்தவர். “கம்பெனி எனக்கு ஒரு மெமரி கார்டுகூட வாங்கித் தரலை. அப்புறம் எப்படி அது அவங்க படம் ஆகும்?” என்று கேட்டார். அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் கடையின் விளம்பரப் படங்களை எடுப்பதும் அவருடைய பொறுப்பு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி போதும், படங்கள் கடைக்குப் போய்விடும்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவில் இதைப் பேசுகிறது. பதிப்புரிமை முதலில் படைப்பாளிக்குத்தான். ஆனால் வேலையின் ஒரு பகுதியாக ஒரு படைப்பு உருவானால், அந்த உரிமை முதலாளிக்கு மாறிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். யாரும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ‘அப்படி மாறாது’ என்றோ ‘இந்த அளவுக்குத்தான் மாறும்’ என்றோ இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. கேமரா யார் வாங்கியது என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்குமே இல்லை.

சரி, எது ‘வேலையின் பகுதி’? சண்டை பெரும்பாலும் இங்கேதான். 1952இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை நான் அடிக்கடி சொல்வேன். நிர்வாக ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர் வெளியில் பொது உரைகள் ஆற்றினார். செலவை முதலாளி கொடுத்தார், முதலாளிக்கு அதனால் நல்ல பெயரும் கிடைத்தது. இருந்தும் அந்த உரைகளின் உரிமை உரையாற்றியவருக்கே என்று தீர்ப்பானது. அவரை அப்படி உரையாற்றச் சொல்லி உத்தரவு போட முதலாளிக்கு அதிகாரம் இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அதே மனிதர் ஒரு வாடிக்கையாளருக்கான வேலையில் தயாரித்த பகுதி நிறுவனத்துக்குப் போனது. ஒரே ஆள், ஒரே முதலாளி, இரண்டு முடிவுகள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தப் படத்தை எடுக்கச் சொல்லி முதலாளி உத்தரவிட்டிருந்தால், ‘இது என் வேலை இல்லை’ என்று நீங்கள் மறுத்திருக்க முடியுமா? கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா விடுமுறை நாளில் பத்துமலைக்குப் போய்த் தைப்பூசக் காவடிகளைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கம்பெனி அதை எடுத்து வருடாந்திர நாட்காட்டியில் அச்சடித்துவிடுகிறது. “நம்ம ஸ்டாஃப் எடுத்ததுதானே” என்பார்கள். அது செல்லாது. சம்பளம் கணக்கு பார்க்க, படத்துக்கு அல்ல. அந்தப் படம் முழுக்க அவருடையது. வாய்மொழியாகத் தலையாட்டியிருந்தாலும் போதாது. பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பதும் சரி, பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் சரி, எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்கிறது 27ஆவது பிரிவு. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும் செய்தியும் எழுத்தாக எண்ணப்படலாம். வணிகப் பரிவர்த்தனைகளுக்கு 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஆண்டு விருந்தில் கைப்பேசியால் எடுத்த படம், தொழிற்சாலை ஆய்வின்போது பொறியாளர் அறிக்கைக்காக எடுத்த படம் என்று நிறைய உண்டு. பின்னது கம்பெனியுடையதுதான். முன்னது பெரும்பாலும் எடுத்தவருடையது, ‘இன்னைக்கு நீங்கதான் போட்டோ எடுக்கணும்’ என்று அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தால் தவிர.

புகைப்படத்துக்கு மட்டும் நம் சட்டத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. படத்தை எடுப்பதற்கான ஏற்பாடுகளை யார் செய்தாரோ அவரே அதன் படைப்பாளி என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. பட்டனை அழுத்தியவர் என்று சொல்லவில்லை. இடம் பிடித்து, மாடலை வரவழைத்து, விளக்கு வைத்து, எந்தக் கோணம் என்று தீர்மானித்தவர் ஒருவராகவும் பட்டனை அழுத்தியவர் வேறொருவராகவும் இருந்தால், ‘நான்தான் எடுத்தேன்’ என்ற வாதம் மட்டும் நிற்காது. அதனால்தான் யார் என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதைக் காட்டும் செய்திகளைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களைவிடச் சொந்தமாகத் தொழில் செய்யும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். ‘நான் யாருக்கும் ஊழியன் இல்லை, அதனால் படம் என்னுடையது’ என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். மலேசியாவில் அது அப்படி இல்லை. அதே 26ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமையும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்குத்தான். கல்யாண ஜோடி உங்களை அமர்த்தினால் உரிமை ஜோடிக்கு. ஒரு ஸ்டூடியோ உங்களை ஒரு நாளைக்கு இரண்டாவது கேமராவாக அழைத்தால் அது ஸ்டூடியோவுக்கு. அந்தப் படத்தை அனுமதியில்லாமல் உங்கள் பக்கத்தில் போட்டாலே உரிமை மீறல் என்று வழக்குத் தொடரலாம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கேட்டு எடுத்த படங்களின் முதல் உரிமையைப் படமெடுத்தவருக்கே கொடுத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதை மகிழ்ச்சியோடு பகிர, இங்கே இருப்பவர்களும் அது தங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டார்கள். பொருந்தாது. நம் சட்டமும் ஒரு நாள் அப்படி மாற வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நாள் கூலிக்கு வந்தவர் தன் கலையின் முழு உரிமையையும் தெரியாமலே விட்டுக்கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் மாறும்வரை இங்குள்ள சட்டத்தை வைத்துத்தான் நடக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்தப் படிவத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. அதில் சொல்லப்படும் பிரிவுகள் இந்த நாட்டில் இல்லை.

உரிமை கைமாறினாலும் ஒன்று மட்டும் படைப்பாளியிடமே தங்குகிறது. 25ஆவது பிரிவின்படி, அவருடைய பெயரைச் சொல்லாமலோ வேறொருவர் பெயரைப் போட்டோ படத்தைக் காட்டக் கூடாது. அவர் மதிப்பைக் கெடுக்கும்படி சிதைக்கவும் கூடாது. இது அவரது தார்மீக உரிமை. பதிப்புரிமை கம்பெனியிடம் இருந்தாலும் இதைக் கேட்கலாம். அந்த ஜவுளிக்கடைத் தம்பிக்கு இந்த வழியில்தான் பேச்சுவார்த்தை நடத்தினேன். சேலைகளை அடுக்கி, இடத்தையும் வெளிச்சத்தையும் தீர்மானித்தவர் அவரே என்பதைக் காட்டச் செய்திகள் இருந்தன. தேர்ந்தெடுத்த சில படங்களைத் தன் வேலையின் மாதிரியாகக் காட்டிக்கொள்ள அவருக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது. கடையும் மற்ற படங்களைத் தடையின்றிப் பயன்படுத்துகிறது. இரண்டு தரப்புக்கும் அதற்குமேல் தேவைப்படவில்லை.

வழக்கு என்று போனால் தொகை சின்னதல்ல. உண்மையான நஷ்டத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை, மொத்தமாக 500,000 ரிங்கிட் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். சின்ன ஸ்டூடியோ அதைத் தாங்காது, சின்னக் கடையும் தாங்காது.

இதைத் தவிர்க்கப் பெரிய ஆவணம் எதுவும் வேண்டாம். தொழில் செய்கிறவர்கள் விலைப்பட்டியலிலேயே எழுதலாம்: “இந்தப் படங்களின் பதிப்புரிமை புகைப்படக் கலைஞரிடமே இருக்கும், வாடிக்கையாளர் சொந்தப் பயன்பாட்டுக்கு அவற்றை என்றைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.” முன்பணம் வாங்குவதற்கு முன்னால் வாடிக்கையாளர் அதை ஒத்துக்கொண்டு பதில் அனுப்பட்டும். வேலையில் சேர்கிறவர்கள் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், படம் எடுப்பது பொறுப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விலகிய பிறகு மாதிரியாகக் காட்ட அனுமதி கேளுங்கள். பெரும்பாலான முதலாளிகள் அப்போது மறுப்பதில்லை. விலகும் வாரத்தில் கேட்டால்தான் முகம் மாறுகிறது. விலகிய பின் எதையும் அழிக்காதீர்கள். அது உங்கள் வழக்கையே கெடுக்கும்.

படம் உங்களுடையதுதான் என்று உறுதியாக இருந்தால், அசல் கோப்புகளைக் குறைக்காமல் வைத்திருங்கள். முக்கியமான படைப்புகளை மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் பதிவும் செய்யலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்த இந்த ஏற்பாடு கட்டாயம் அல்ல. பதியாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் யார் உரிமையாளர் என்ற கேள்வி வரும்போது, அந்தப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை முதற்கட்ட ஆதாரமாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மாறாக நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.