இரவு ஒன்பது மணியின் விலை

சென்ற மாதம் மதுரை ஆனையூரில் எங்கள் தெருவுக்குள் வந்த தண்ணீர் லாரி ஒன்று உரசியதில், மின்கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இணையக் கேபிள் அறுந்து விழுந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் காலை ஓர் இளைஞர் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியின் இருக்கையையே மேசையாக்கிக்கொண்டு, கேபிளின் கறுப்பு உறையை உரித்து, உள்ளே இருந்த கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்தார். தலைமுடியளவுதான் இருந்தது இழை. இரண்டு முனைகளையும் சீராக நறுக்கி ஒரு சிறிய இயந்திரத்துக்குள் வைத்து மூடினார். அதன் திரையில் முனைகள் தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்தன. பளிச்சென்று ஒரு மின்பொறி, அவ்வளவுதான். கண்ணாடி உருகி ஒன்றாகிவிட்டது. பிறகு ஒளியை அளக்கும் கருவியைச் செருகிப் பார்த்து, “மைனஸ் இருபது. நன்றாக இருக்கிறது சார்” என்றார்.

இதையெல்லாம் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, உங்களுக்கு மாதம் 825 ரூபாய், எங்களுக்கு 471. இரண்டும் இதே கம்பத்திலிருந்துதானே வருகிறது? அதுவும் போன மாதம் 28ஆம் தேதியே டேட்டா தீர்ந்துவிட்டது என்று மகன் சொல்கிறான். தண்ணீர் தீரும், கேஸ் தீரும். இது எப்படித் தீரும்?”

அக்கா கேட்டது சரியான கேள்வி. அவர் வீட்டுத் திட்டம் 399 ரூபாய், விநாடிக்கு 30 மெகாபிட் வேகம், மாதம் 1000 ஜிபி வரம்பு. என்னுடையது 699 ரூபாய், 100 மெகாபிட், 3300 ஜிபி. இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கம்பத்தில் இருக்கும் பெட்டி ஒன்றே, கண்ணாடி இழையின் வகையும் ஒன்றே.

அந்தப் பெட்டியை இளைஞர் திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிளிட்டர் என்ற ஒளிப்பிரிப்பான் இருந்தது. ஓர் இழை உள்ளே போகிறது, எட்டு இழைகள் வெளியே வருகின்றன. அதற்கு மின்சாரம் தேவையில்லை. வரும் ஒளியை எட்டாகப் பங்கு போடுவது மட்டுமே அதன் வேலை. இதற்கு முந்தைய சந்திப்பிலும் இதேபோல் இன்னோர் எட்டுப் பங்கு. ஆக, நிறுவனத்தின் கட்டடத்திலிருந்து புறப்படும் ஒரே ஒளிக்கதிர் 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. புறப்படும்போது சுமார் 2 மில்லிவாட் இருக்கும் ஒளி, 64 பங்காகப் பிரிந்ததோடு, இணைப்புகளிலும் இழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து என் வீட்டுக்கு வரும்போது இருநூறில் ஒரு பங்காகிவிடுகிறது. ‘மைனஸ் இருபது’ என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு என்று பொருள். அதை வைத்துக்கொண்டு ஒரு முழுத் திரைப்படம் பழுதில்லாமல் வந்து சேர்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த அமைப்பின் பெயர் ஜிபான். நம் ஊர்களில் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதில் 64 வீடுகளுக்கும் தனித்தனி ஒளி கிடையாது. அக்கா வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போகும் படமும், கடைசி வீட்டுப் பெண் படிக்கும் பாடமும் என் வீட்டு மோடத்துக்கும் வருகின்றன. ஆனால் அவை மறைகுறியாக்கப்பட்டிருக்கும். என் மோடம் தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. திரும்பிப் போகும் பாதையில் ஒழுங்கு இன்னும் கறாரானது. 64 வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் விநாடியை 8000 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் எந்த வீடு எப்போது பேசலாம் என்று நிறுவனத்தின் கருவி முறை வைக்கிறது. மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஜிபானில் கீழ்நோக்கி வரும் மொத்த வேகம் விநாடிக்கு சுமார் 2488 மெகாபிட். 64 வீடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு 39 வரும். அத்தனை பேரும் 100 மெகாபிட் திட்டம் வாங்கினால் 6400 வேண்டும். இருப்பதைப் போல இரண்டரை மடங்கு விற்கப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டதும் ஏமாற்று வேலை என்று தோன்றும். அப்படியில்லை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு அழைப்பு வைக்கிறோம். பந்தியில் இருநூறு இலைதான் போடுகிறோம். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காருகிறது. ஆயிரம் இலைக்கு இடம் வேண்டும் என்று அடம்பிடித்தால் மண்டப வாடகை எங்கோ போய்விடும். இணையமும் அப்படித்தான். நான் செய்தி படிக்கும்போது இரண்டு விநாடி தரவு வருகிறது, பிறகு இரண்டு நிமிடம் இழை சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியில் மற்றவர்களின் தரவு போகிறது. ஓர் இணைப்பின் அகலத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்கு 2009லேயே இந்தியாவில் அளவு சொல்லப்பட்டது: வீட்டு பிராட்பேண்டுக்கு 50 பேர், தொழில் இணைப்புக்கு 30 பேர். பகிராத இணைப்பும் உண்டு. இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் அலுவலகம் நடத்துபவர்கள் வாங்கும் ‘லீஸ்டு லைன்’ அத்தகையது. அதே கண்ணாடி இழை, அதே 100 மெகாபிட். ஆனால் பங்குக்கு யாரும் வரமாட்டார்கள், டேட்டா வரம்பும் இல்லை. விலை வீட்டுத் திட்டத்தைப் போலப் பல மடங்கு. நாம் 825 ரூபாயில் 100 மெகாபிட் பெறுவது பந்தியில் இடம் மாறி மாறி உட்காருவதால்தான்.

முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைவார்களே, அந்த நேரம்தான் சிக்கல். இணையத்தின் முகூர்த்த நேரம் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை. ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சி ஓடுகிறது, ஆளுக்கொரு கைப்பேசி வேறு. நிறுவனம் கருவி வாங்குவதும், சென்னைக்குப் போகும் பெரும்பாதையை அகலப்படுத்துவதும் இந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு அதே கருவிகள் ஏறக்குறைய அதே மின்சாரத்தைக் குடித்தபடி சும்மா நிற்கின்றன. அந்த நேரத்தில் கூடுதலாக 100 ஜிபி அனுப்பினால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு இல்லையென்றே சொல்லலாம்.

நிறுவனங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிறிய இணைய நிறுவனம் பெரிய நிறுவனத்திடமிருந்து இணைப்பை மொத்தமாக வாங்குகிறது. அங்கே பெரும்பாலும் ஜிபி கணக்கே கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து குறித்துக்கொள்வார்கள். மாத முடிவில் எல்லா அளவுகளையும் வரிசைப்படுத்தி, உச்சத்தில் இருக்கும் 5 சதவீதத்தை நீக்கிவிட்டு, அதற்கு அடுத்து வரும் அளவுக்குக் கட்டணம் போடுவார்கள். மாதத்தின் 720 மணி நேரத்தில் 5 சதவீதம் என்றால் 36 மணி நேரம், நாளுக்கு 1 மணி 12 நிமிடம். இரவு நெரிசலோ மூன்று மணி நேரம். அதனால் அந்த நெரிசலின் உயரமே மொத்த வியாபாரியின் பில்லைத் தீர்மானிக்கிறது. மற்ற நேரத்தில் அந்த உயரத்தைத் தாண்டாதவரை எவ்வளவு ஓடினாலும் பில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

நேரம் பார்த்துக் கணக்குப் போடுவது நமக்குப் புதிதும் அல்ல. பி.எஸ்.என்.எல். 2005இல் டேட்டா ஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்த பிறகு, அதன் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை வரம்பே கிடையாது. என் தம்பி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். சும்மா கிடக்கும் கருவியைச் சும்மா கொடுத்த நேர்மையான திட்டம் என்று இப்போது தோன்றுகிறது.

நெரிசலைக் குறைக்க நிறுவனங்களிடம் வேறொரு வழியும் உண்டு. பலரும் பார்க்கும் படங்களை வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் இழுக்காமல், ஒரு பிரதியை அருகிலேயே சேமித்து வைப்பது. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்றவை இதற்கென்றே பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களில் வைத்திருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் தன் பெட்டிகளை நெரிசல் இல்லாத நேரத்தில்தான் நிரப்புகிறது. விடியுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குச் சரக்கு வந்து இறங்கிவிடுவதைப் போல. இப்படி வரும் படத்துக்குக் கடலடிக் கேபிள் செலவு கிடையாது. தெருவுக்குள் வரும் கடைசித் துண்டின் நெரிசல் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

வரம்பு எப்படிச் செயல்படுகிறது? நிறுவனத்தின் நுழைவாயில் கருவி ஒவ்வொரு வீட்டின் தரவையும் எண்ணுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அது கையாளும் முறைக்கு வல்லுநர்கள் வைத்த பெயரே டோக்கன் வாளி. ரேஷன் கடை டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக்கு விநாடிக்கு 30 மெகாபிட் அளவுக்கு டோக்கன் வந்துகொண்டே இருக்கும். டோக்கன் உள்ள தரவு உள்ளே போகும், இல்லாதது காத்திருக்கும் அல்லது கைவிடப்படும். 1000 ஜிபி எண்ணி முடித்ததும் டோக்கன் வரும் வேகம் 30இலிருந்து 2 அல்லது 4 ஆகக் குறைக்கப்படும். இதைத்தான் ‘டேட்டா தீர்ந்தது’ என்கிறோம். ஒளி முன்போலவே வருகிறது, இழையும் காலியாகத்தான் இருக்கிறது. கணினியில் ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது.

நான் 30இலிருந்து 100க்கு மாறியபோதும் யாரும் வீட்டுக்கு வரவில்லை. பணம் கட்டினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், வேகம் வந்துவிட்டது. அப்படியானால் கூடுதலாகக் கட்டும் 354 ரூபாய் எதற்கு? நெரிசல் நேரத்தில் எனக்குக் கூடுதல் பங்கு கிடைக்கிறது, அதற்கு ஒரு பகுதி. கட்ட முடிந்தவரிடம் கூடுதலாக வாங்கினால்தான் 399 ரூபாய்த் திட்டம் நிற்க முடியும் என்ற வியாபாரக் கணக்கு மறுபகுதி. திரைப்படச் சந்தாக்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் திட்டங்களில் விலை இன்னும் ஏறும்.

உண்மையான செலவு வித்தியாசம் ஊருக்கு ஊர் இருக்கிறது. கே.கே. நகரில் நாற்பது வீடுள்ள ஓர் அடுக்குமாடிக்கு ஒரே கேபிள் போதும். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து வீடு ஒன்றுக்கு முந்நூறு மீட்டர் இழுக்க வேண்டும். அங்கிருந்து வருவது ஒரே ஒரு மாதக் கட்டணம். ஆனால் விலைப்பட்டியல் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அதனால் கிராமத்து வீடு அந்த வித்தியாசத்தைப் பொருத்துக்கூலியாகவோ காத்திருப்பாகவோ கொடுக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க அரசே டான்ஃபிநெட் என்ற நிறுவனத்தைத் தொடங்க வேண்டிவந்தது இதனால்தான். இழை வராத இடத்தில் கோபுரத்திலிருந்து காற்றில் வரும் வீட்டு இணைப்பு இருக்கிறது. கோபுரத்தின் அலைவரிசை இழையைவிடக் குறுகியது, கைப்பேசிகளோடும் பகிர வேண்டும். அத்தகைய திட்டங்களில் 1000 ஜிபி வரம்பும் இழைத் திட்டங்களில் 3300 ஜிபியும் காணப்படுவதற்கு அதுவே காரணம். காற்றில் வரும் இணைப்புக்கு வரம்பு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இழையில் வரம்பு வைப்பதுதான் உறுத்துகிறது. 3300 ஜிபி என்பது 100 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் மூன்று நாளில் முடிகிற அளவு. அதற்குப் பெயர் ‘அன்லிமிடெட்’. இணைப்பை வாங்கி நாலு வீட்டுக்கு மறுவிற்பனை செய்பவரைத் தடுக்க ஒரு வேலி வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த வேலி நேரம் பார்ப்பதில்லை. விடியற்காலை தரவிறக்குபவரையும் இரவு ஒன்பது மணிக்குப் படம் பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. நான் கேட்பது வேறு: இந்த இழையை எத்தனை வீடுகள் பகிர்கின்றன, இரவு ஒன்பது மணிக்குக் குறைந்தது எவ்வளவு வேகம் கிடைக்கும் என்ற இரண்டு எண்களையும் விளம்பரத்தில் அச்சிடட்டும். வாங்குபவருக்கு அவைதான் தேவை.

அக்கா வீட்டில் 1000 ஜிபி எங்கே போனது என்று அன்று மாலை அவர் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். தொலைக்காட்சி மீது சந்தேகப்பட்டோம். நல்ல தரத்தில் படம் ஓடினால் மணிக்கு 3 ஜிபி போகும். ஆனால் பெரும்பங்கு அதில் இல்லை. வாசலில் மாட்டியிருந்த கண்காணிப்பு கேமரா, பகலும் இரவும் இடைவிடாமல் காட்சியை வெளியூர்ச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 2 மெகாபிட்தான். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் விநாடிக்குக் கால் மெகாபைட், நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி. பெரும்பாலான திட்டங்களில் பதிவேற்றமும் வரம்பில் சேரும். அதிகம் பேர் பயன்படுத்தாத மேல்நோக்கிய பாதையில் சொட்டுச் சொட்டாகப் போன இந்தத் தரவால் நிறுவனத்துக்குச் செலவு ஏதும் வந்திருக்காது. வரம்பை விழுங்கியது என்னவோ அதுதான்.

கேமராவில் மெமரி கார்டு போட்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றினோம். இந்த மாதம் 30ஆம் தேதி அக்கா தன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். 410 ஜிபி என்று இருந்தது. “இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது தம்பி. அப்புறம் ஏன் ராத்திரி சீரியல் நேரத்தில் மட்டும் படம் நின்று நின்று வருகிறது?” என்று கேட்டார்.