கிரென்வில் டாட்ஜும் அரிக்கப்படாத ஒரு சரிவும்

ரயிலுக்கு ஏற்றம் என்றால் ஏன் இவ்வளவு சிரமம்? இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு, அதனால் சமதளத்தில் 100 டன் வண்டியை இழுக்கச் சில நூறு கிலோ விசையே போதும். 100 மீட்டருக்கு 2.2 மீட்டர் ஏறச் சொல்லுங்கள், அதே வண்டிக்குக் கூடுதலாக 2,200 கிலோ விசை வேண்டும். எஞ்சினில் எவ்வளவு நீராவி இருந்தாலும் சரி, சக்கரத்துக்குப் பிடிமானம் போதாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் ரயில் பாதைக்குச் சட்டம் அனுமதித்த அதிகபட்ச ஏற்றம் இந்த 2.2 சதவீதம்தான். கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் கம்பெனிக்கோ எதிரே ராக்கி மலை.

அதன் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1859-லேயே லிங்கன் அவரைச் சந்தித்து, பசிபிக் கடலுக்கு எந்த வழி நல்லது என்று கேட்டிருக்கிறார். பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றார் டாட்ஜ். உள்நாட்டுப் போரில் ஜெனரல் கிராண்டுக்காக 40 நாளில் 182 பாலங்களோடு 102 மைல் பாதையைச் சீரமைத்துக் கொடுத்தார். 1866-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், ஆனால் பதவிக்காலத்தில் பெரும்பகுதி சர்வே முகாம்களில்தான் கழிந்தது.

1865-ல், பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலேயே ஒடுக்கும் படையெடுப்புகளை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ராக்கி மலைமேல் ஏற வழி கொடுத்த அந்தச் சரிவு கண்ணில் பட்டது. பூர்வகுடி வீரர்களிடமிருந்து தப்பி ஒரு மேட்டின் மீதே இறங்கியதாகவும், எங்கும் அறுபடாமல் அது சமவெளி வரை போனதாகவும் பின்னாளில் அவரே எழுதினார். அடுத்த வருடம் கம்பெனியின் சர்வேயர் ஜேம்ஸ் எவன்ஸ் அதை முறையாக அளந்தார்.

அங்கே மட்டும் ஏன் அப்படி? ராக்கி மலையிலிருந்து அடித்து வந்த மணலும் சரளையும் பல பத்து லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து, ஒரு காலத்தில் மலையின் தோள் வரை சரிந்து கிடந்தன. பிற்பாடு ஆறுகள் மலையடிவாரம் நெடுக அந்தப் படிவை அரித்துத் தள்ளிவிட்டன. வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகருக்கு மேற்கே மட்டும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு நாக்கு தப்பிப் பிழைத்து, இன்னும் கிரானைட் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்று அதன் பெயர் கேங்பிளாங்க், அதாவது கப்பலில் ஏறப் போடும் பலகை. அதன் மேல் பாதை போட்டால் சட்ட வரம்புக்குள்ளேயே, சுமார் 2,500 மீட்டர் உயரமுள்ள ஷெர்மன் உச்சிக்குப் போய்விடலாம். எனக்கு டாட்ஜின் மொத்த வாழ்க்கையிலும் பெரிய விஷயம் இதுதான்.

உச்சி தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே டேல் கிரீக் பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது. அங்கே ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்துக்கு மரப்பாலம் கட்டி, பலத்த காற்று சாய்த்துவிடாமல் இருபுறமும் கயிறு இழுத்துக் கட்டினார்கள்.