கூட்டாளிகள் பார்க்கும்போது இளம் மூளை

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்து, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பையன் ‘சுகர்ஸ்’ புகைக்கிறான் என்று தெரியவந்தால், வீட்டார் முதலில் சொல்வது ‘கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்’ என்பதாகவே இருக்கும். மட்டரக ஹெராயினோடு வேறு பொருள்களைக் கலந்து மலிவாக விற்கப்படும் இந்தத் தூள் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் அங்கே பரவியது. வேரூன்றிய பழக்கத்தை விடவொட்டாமல் தடுப்பது பெரும்பாலும் உடல். முதல் இழுப்புக்கு உடலைக் குறை சொல்ல முடியாது. கூட்டாளிகளைச் சொல்லலாம், ஆனால் அது பாதி உண்மை.

நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுவதும் கவனித்த டெனிஸ் கான்டெல், 1978-இல் வெளியிட்ட ஆய்வில் மற்ற பாதியைக் காட்டினார். நண்பர்கள் ஒருவரையொருவர் மாற்றுவதைப் போலவே, ஏற்கெனவே ஒத்த போக்குடையவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேர்வதும் நடக்கிறது. கெட்டுப்போன பையனும் தன் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தவனே என்பது பெற்றோர் கேட்க விரும்பாத செய்தி.

நண்பனின் தாக்கம் வற்புறுத்தலாகத்தான் வர வேண்டும் என்பதுமில்லை. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மூன்று வயதுப் பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தினர். நண்பர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதுள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட மிக அதிகமான ஆபத்துகளை மேற்கொண்டனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. பின்னர், 2011-இல் வெளியான ஆய்வில், நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே பதின்வயதினரின் மூளையில் வெகுமதியை எடைபோடும் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டதை ஸ்கேன் படங்கள் காட்டின. ஆபத்து தெரியாததால் அல்ல, பார்வையாளர் இருக்கையில் கிடைக்கப்போகும் பலன் பெரிதாகத் தோன்றுவதால்தான் அந்த வயது துணிகிறது. போதையின் தீமையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த மாணவனும் வெள்ளிக்கிழமை இரவில் அதையே செய்வது இதனால்தான்.

இன்னொரு கருவி சிரிப்பு. டாமஸ் டிஷியன், 13, 14 வயதுச் சிறுவர்கள் இருவர் இருவராகப் பேசுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார். விதிமீறலைப் பற்றிய பேச்சுக்குச் சிரிப்பையே பரிசாகப் பெற்ற ஜோடிகளில், பின்னாளில் போதைப் பழக்கமும் குற்றச்செயலும் அதிகரித்திருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சிறுவர் குற்றத்தைத் தடுக்க 1939-இல் தொடங்கிய ஓர் உதவித் திட்டத்தின் சிறுவர்களை ஜோன் மெக்கார்ட் முப்பதாண்டுகள் கழித்துத் தேடிச் சென்றபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களின் நிலையைவிடச் சில வகைகளில் மோசமாயிருந்தது. மற்றச் சிறுவர்களோடு சேர்ந்திருக்கும் கோடைமுகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் கேடு கூடுதலாகத் தெரிந்தது. பிடிபட்ட பையன்களை மட்டும் ஒரே மண்டபத்தில் திரட்டி அறிவுரை கூறும் ஏற்பாடுகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுவே. மிரட்டுவதற்காகச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்று காட்டும் திட்டங்களும் பின்னர் குற்றத்தைக் கூட்டியதாகவே பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது.

பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் கூட்டாளிகளோடு கழிக்கும் நேரம் ஆபத்தானது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதிசெய்கின்றன. சாட்ஸ்வொர்த்தில் இதற்கு வரலாறும் உண்டு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் 1960-களில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மகசீன் பராக்ஸ் போன்ற இடங்களிலிருந்து மக்கள் பெயர்த்துக் குடியேற்றப்பட்டபோது, தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று பல கண்கள் இருந்த கூட்டு வாழ்க்கை சிதறியது. இன்றைய போதைக்கு அதையே முழுக் காரணமாக்குவது மிகை. மேலும், கண்காணிப்பு என்பது வேவு பார்ப்பதன்று: பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளையே மனம்விட்டுச் சொன்னது என்பதை 2000-இல் சுவீடனில் ஆய்வாளர்கள் ஸ்டாட்டினும் கெர்ரும் காட்டினர்.

பதின்வயதில் தவறு செய்பவர்களில் பெரும்பாலோர் வயது ஏறியதும் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர் என்பது உளவியலாளர் டெரி மாஃபிட் 1993-இல் முன்வைத்த கருத்து. ஆனால் அடிமைப்பழக்கமோ குற்றப் பதிவோ கண்ணியாக அமைந்தால் அந்த வழி அடைபடும் என்றும் அவர் எழுதினார். சுகர்ஸ் இடுகிற கண்ணி ஹெராயினுடையது; அதில் சிக்கியவர்களுக்கு வயது மட்டும் போதாது, மருத்துவச் சிகிச்சையும் வேண்டும்.