லாஜிஸ்டிக்ஸ்: லாட்ஜுக்குத் தம்பி, தளவாடத்துக்கு யாரோ

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜுக்கும், கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கும் (சரக்கைச் சேமித்து, நகர்த்தி, கொண்டு சேர்க்கும் வேலை) ரத்த சொந்தம் உண்டு. பிரெஞ்சில் 'லோஜே' என்றால் தங்கு, தங்கவை. இன்னும் பின்னால் போனால், இலை தழை வேய்ந்த குடிலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று வரும். ஓட்டல் 'லாபி'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

படை இன்று இரவு எங்கே தங்கும், நாளை எந்த வழியாகப் போகும் என்று பார்க்கும் அதிகாரிக்குப் பிரெஞ்சுப் படையில் 'லோஜி' ஒட்டிய பதவிப் பெயர் இருந்தது. நெப்போலியன் படையில் பணியாற்றி, பிறகு ரஷ்யாவுக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர் ஜோமினி, 1838-ல் வெளியான தன் போர்க்கலை நூலில் 'லோஜிஸ்டிக்' என்பதை ஒரு தனித் துறையாகவே எழுதினார். அந்தப் பதவியிலிருந்துதான் பெயர் வந்தது என்பது அவர் சொன்ன விளக்கம்.

கிரேக்கத்திலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். அங்கே 'லோகிஸ்திகே' என்றால் கணக்குப் போடும் கலை. ஏதென்ஸில் பதவி முடிந்து இறங்கியவர்களின் கணக்கைத் தணிக்கை செய்தவர்களுக்கு 'லோகிஸ்தாய்' என்று பெயர். சொல்லின் வடிவத்தில் அந்தச் சாயல் இருக்கலாம். பொருள் என்னவோ படை தங்கும் இடத்திலிருந்து வந்ததுதான். தமிழில் சொன்னால் படைவீடு.

சரி, தமிழில் லாஜிஸ்டிக்ஸுக்கு என்ன சொல்? மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'தளவாடங்கள்' என்று வருகிறது. அதை அப்படியே எடுத்து 'தளவாட மேலாளர் தேவை' என்று விளம்பரம் போடுகிறார்கள். படித்தால் பீரங்கிக் கிடங்குக்கு ஆள் எடுப்பது போல இருக்கிறது. தளவாடம் என்பது சாமான்: கருவி, ராணுவத்தில் என்றால் ஆயுதம். இலங்கையில் தளபாடம் என்றால் மேசை நாற்காலி. லாஜிஸ்டிக்ஸ் அந்தச் சாமான் அல்ல, சாமானைச் சுற்றி நடக்கிற வேலை. 'சரக்குப் போக்குவரத்து' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கிடங்கில் சரக்கு மூன்று வாரம் சும்மா கிடப்பதும் லாஜிஸ்டிக்ஸ்தானே? 'ஏற்பாட்டியல்' என்ற சொல் புழக்கத்தில் உண்டு. என் ஓட்டு அதற்கே. தங்கல், நகர்வு, கணக்கு மூன்றும் 'ஏற்பாடு' என்ற சொல்லுக்குள் அடங்கும். செய்பவரை வெறுமனே ஏற்பாட்டாளர் என்றால் கல்யாண மேடை நினைவுக்கு வரும். சரக்கு ஏற்பாட்டாளர் என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இல்லை.

சொல்தான் புதிது, வேலை பழசு. புறநானூறு 102-ல் ஔவையார் உப்பு விற்கும் உமணரின் வண்டியைக் காட்டுகிறார். மாடு இளசு, பாரம் அதிகம், வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் ஒரு 'சேம அச்சு' கட்டியிருக்கிறார்கள். இருக்கிற அச்சு முறிந்தால் மாற்ற உபரி அச்சு.

இன்றைக்கும் முறிவது அச்சுதான். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சரக்கு போகிறது, சுமார் 350 கிலோமீட்டர். ஈ-வே பில்லுக்கு (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, ஆக இரண்டு நாள் செல்லும். ஆம்பூர் தாண்டி லாரி படுத்துவிட்டது என்று டிரைவர் ராத்திரி போன் செய்கிறார். வேறு வண்டி பிடிக்க வேண்டும், சரக்கை மாற்ற வேண்டும், பில்லில் வண்டி விவரம் இருக்கும் 'பார்ட் பி'யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். கெடு முடியப் போகிறது என்றால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்க வேண்டும். தவறினால் சோதனையில் வண்டி நிற்கும், அபராதம் வரும். இவ்வளவையும் போர்வைக்குள் இருந்தபடியே போனில் முடிக்கிறவர்தான் சரக்கு ஏற்பாட்டாளர். எக்செல், ஹெச்எஸ் கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்), இன்கோடெர்ம்ஸ் (விற்பவர், வாங்குபவர் யார் எந்தச் செலவை ஏற்பது என்ற சர்வதேச விதிச் சொற்கள்) எல்லாம் படித்துக்கொள்ளலாம். கோபத்தில் இருக்கும் டிரைவரிடம் அரைகுறை இந்தியில் பேசிச் சமாளிப்பதற்குத்தான் பாடத்திட்டம் கிடையாது.

சம்பளம்? 'லாஜிஸ்டிஷியன்' என்ற பெயரில் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை தனிக் கணக்கே வைத்திருக்கிறது. 2023 மே நிலவரப்படி ஆண்டுக்கு 79,400 டாலர். பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். இங்கே அந்தப் பெயரில் விசிட்டிங் கார்டு பார்ப்பது அரிது. 'ஆபரேஷன்ஸ்', 'டாக்குமென்டேஷன்', 'லாஜிஸ்டிக்ஸ் எக்சிகியூட்டிவ்' என்றுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த பையன்கள் மாதம் 15,000, 18,000 ரூபாயில் ஆரம்பித்தவர்கள். துறைமுகப் பக்கம் வேலை என்றால், சுங்கத் தரகர் நிறுவனத்தில் (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருபவர்கள்) சேர்ந்து, தேர்வு எழுதி 'ஜி கார்டு' என்ற சுங்கத் துறை அட்டை வாங்கியவருக்கு மதிப்பு கூடும். அதற்கு மேலே 'எஃப் கார்டு'. வேலைக்கு இப்போதைக்குப் பஞ்சம் வராது: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என்று துறைமுகங்கள் இருக்கின்றன, ஒரகடம் பக்கம் கிடங்குகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. 2017-லேயே ஒன்றிய அரசு இத்துறைக்கு உள்கட்டமைப்புத் தகுதி கொடுத்துவிட்டது, கடன் வாங்குவது எளிதாக வேண்டும் என்று.

விண்ணப்பத்தில் லாஜிஸ்டிக்ஸ் என்றே எழுதுங்கள், தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். கட்டுரை எழுதினால் ஏற்பாட்டியல். அம்மா கேட்டால், "லோடு அனுப்புற வேலைம்மா."