சுக்கானருகே ஓர் உயர்ந்த இருக்கை: 30 செ.மீ. உயரம் செய்யும் வேலை

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அதன் பிறகு பாய்மரப் படகுகளைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்கிறார்கள். அவற்றுள் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெடும்பயணப் படகுகள் சிலவற்றில் சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால் உயரமான இருக்கை ஒன்றைத் தனியாகப் பொருத்துகிறார்களே, அது சொகுசுக்காக மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுமார் 12 மீட்டர் நீளமுள்ள, ஒற்றை உடல் கொண்ட ஒரு சாதாரணப் பயணப் படகை எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்கிறேன்.

உயரத்தில் இருந்தால் தொலைவு தெரியும் என்பதுதான் முதலில் தோன்றும் விடை. பூமி உருண்டை என்பதால், கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். நீர்மட்டத்திலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்குத் தொடுவானம் ஏறத்தாழ 5.2 கி.மீ. தொலைவில் இருக்கும். இருக்கையை 30 செ.மீ. உயர்த்தினால் அது 5.5 கி.மீ. ஆகும். இவ்வளவு சிறிய ஆதாயத்துக்காக யாரும் படகில் துளை போட மாட்டார்கள்.

உண்மையான ஆதாயம் அருகில்தான் இருக்கிறது. ஓட்டுபவரின் முன்னால் அறையின் கூரை நிற்கிறது. அதன் விளிம்பு கண்ணிலிருந்து 5 மீட்டர் தள்ளி, நீர்மட்டத்துக்கு மேல் 1.9 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விளிம்பை ஒட்டிச் செல்லும் பார்வைக் கோடு எங்கே நீரைத் தொடுகிறதோ, அதற்கு இப்பால் உள்ள நீர்ப்பரப்பு முழுவதும் மறைந்துவிடும். ஒத்த முக்கோணங்களின்படி, கண்ணின் உயரத்தைக் கூரையின் தொலைவால் பெருக்கி, கண்ணுக்கும் கூரைக்கும் உள்ள உயர வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 2.1 மீட்டரில் அந்த வேறுபாடு வெறும் 20 செ.மீ. என்பதால், கண்ணிலிருந்து 52 மீட்டர் வரை நீர் தெரியாது. 30 செ.மீ. உயர்த்தியதும் வேறுபாடு 50 செ.மீ. ஆகிறது; மறைவு 24 மீட்டராகச் சுருங்குகிறது. 6 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் செல்லும் படகில், மீன்வலையின் மிதவையோ நண்டுக்கூட்டின் மிதவையோ, கண்ணுக்குச் சுமார் 9 மீட்டர் முன்னால் உள்ள முகப்பை வந்தடைவதற்கு முன் 14 விநாடி மறைந்திருந்த நிலை மாறி, 5 விநாடிதான் மறைந்திருக்கும். பார்வையாலும் செவியாலும் எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. அந்த விதியைக் கடைப்பிடிக்க உதவும் கருவிகளில் இருக்கையும் ஒன்று. முன்பாய் மறைக்கும் பகுதியை மட்டும் எந்த இருக்கையாலும் திறந்துவிட முடியாது.

இனி, இந்த இருக்கையில் நான் மிகவும் ரசிக்கும் பகுதிக்கு வருகிறேன். பாய்மரப் படகு காற்றுக்கு எதிர்முகமாகச் செல்லும்போது 15 முதல் 20 பாகை வரை ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும், அதுவும் மணிக்கணக்கில். தட்டையான இருக்கை அப்போது ஒரு சரிவாகிவிடும். ஓட்டுபவர் வழுக்காமலிருக்கக் கால், இடுப்பு, முதுகு ஆகிய மூன்றின் தசைகளையும் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மோட்டாரோ கீலோ இல்லாமல் ஒரு தீர்வு இருக்கிறது: இருக்கையின் நடுப்பகுதியை உயர்த்தி, இரு பக்கமும் தாழ்ந்து செல்லும் வட்ட வில்லாக அமைத்துவிடுவது. ஒரு பந்தை எப்படி உருட்டினாலும் அதன் மேல் ஏதோ ஒரு புள்ளி உச்சியில் இருந்தே தீரும். அந்தப் புள்ளியில் தொடுகோடு கிடைமட்டமாகவே இருக்கும். வில் வடிவ இருக்கையிலும் இதுவே நடக்கிறது. படகு சாயச் சாய, கிடைமட்டமான இடம் நடுவிலிருந்து நகர்ந்து, காற்று வரும் பக்கமாக, அதாவது மேலே எழுந்த பக்கமாகச் செல்கிறது. அது எவ்வளவு நகரும் என்பது வில்லின் ஆரத்தைச் சாய்கோணத்தின் சைனால் பெருக்கினால் கிடைக்கும். ஆரம் 1.5 மீட்டர் என்றால், 15 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 39 செ.மீ. தள்ளி அமர்ந்தால் போதும். கீழே உலகமே சாய்ந்திருக்கும்போதும் இடுப்பு நேராக இருக்கும்.

இதில் இன்னொரு நேர்த்தியும் உண்டு. காற்று வரும் பக்கத்தில் அமர்ந்தால் முன்பாயின் விளிம்பில் படபடக்கும் கம்பளி நூல்களைப் பார்த்து, பாய் சரியான கோணத்தில் இருக்கிறதா என்று எளிதாக அறியலாம். எங்கே அமர விரும்புகிறோமோ அங்கேயே கிடைமட்டமும் வந்து சேர்கிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள இருக்கையின் நடுவில் 9 செ.மீ. மேடு இருந்தால், 19 பாகைச் சாய்வு வரை இது வேலை செய்யும். அதற்கு மேல் சாய்ந்தால் பாயைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். பின்காற்றில் படகு இரு பக்கமும் மாறி மாறி ஆடும்போது இந்த மேடு உதவாது. கால்களை ஊன்றிக்கொள்ள வேண்டியதுதான். அதிகம் சாயாத இரட்டை உடல் படகுகளுக்குத் தட்டையான இருக்கையே போதும்.

உயர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு. ஆனால் அது அஞ்சும் அளவுக்கு இல்லை. 9 டன் படகில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ. உயர்ந்தால், மொத்த ஈர்ப்பு மையம் 3 மில்லிமீட்டர்கூட உயராது. 4 விநாடிக்கு ஒரு முறை 15 பாகை ஆடும் படகில், ஆட்ட அச்சுக்கு 1.5 மீட்டர் மேலே இருப்பவர் உணரும் பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 3.5 மீ/வி². உயர்ந்த இருக்கை அதனுடன் 0.2 மட்டுமே சேர்க்கிறது. கால் தொங்கினால்தான் தொல்லை: ஊன்ற இடமில்லாமல் உடல் தடுமாறும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். ஆகவே கால்பலகை இல்லாத உயர்ந்த இருக்கையைச் செய்யவே கூடாது. கால்பலகையோடு செய்தால் முதுகுக்கும் நன்மை உண்டு. உடலுக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் 90 பாகையைவிட விரியும்போது கீழ்முதுகின் இயல்பான வளைவு காக்கப்படுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஜே. ஜே. கீகன் 1953இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு விளக்கினார்.

நின்றபடி ஓட்டுபவரே விழிப்பானவர், அமர்பவர் சோம்பேறி என்ற எண்ணம் கடலோடிகளிடம் இன்னும் இருக்கிறது. அதை நான் ஒரு மூடநம்பிக்கையாகவே கருதுகிறேன். களைத்த உடல் கண்ணையும் சேர்த்தே களைக்க வைக்கிறது. நம் கரையில் ஃபைபர் படகின் விளிம்பில் அமர்ந்து, ஒரு கையால் எஞ்சின் பிடியைப் பற்றியபடி மணிக்கணக்கில் செல்லும் மீனவரின் முதுகும் இந்த ஆய்வுக்குரியதுதான். கப்பல் வடிவமைப்புக்கு நிதி ஒதுக்குபவர்கள் அதில் ஒரு சிறு பங்கைச் சிறுபடகு இருக்கைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருத்த நினைப்பவர்கள் முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். பெரும்பாயின் அடியில் உள்ள கழி, பாய் பக்கம் மாறும்போது எவ்வளவு தாழ்வாக வீசும் என்று அளந்து, உயர்ந்து அமர்ந்தவரின் தலைக்கு இடம் மிச்சமிருந்தால் மட்டுமே மேலே செல்லலாம். இருக்கை உயர உயர அதன் அடியில் விழும் நெம்புவிசையும் கூடுவதால், மரத்திருகு போதாது. தளத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் அடியில் அகலமான உலோகத் தகடும் வேண்டும். தளத்தின் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவில் பால்சா என்ற இலேசான மரம் வைத்துச் செய்யப்பட்டிருந்தால், துளையின் சுவரை எப்பாக்சியால் அடைக்காவிட்டால் நீர் புகுந்து அழுகிவிடும். துளை போடுவதற்கு முன், பிளைவுட்டில் தற்காலிகப் பெட்டி ஒன்று செய்து, கயிற்றால் இறுகக் கட்டி, சற்றே காற்றடிக்கும் நாளில் அமர்ந்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சக்கரம் கைக்கு எட்டுகிறதா, திசைகாட்டி தெரிகிறதா, இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டகத்தின் மூடியைத் திறக்க முடிகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.