மலையில் சமதளம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்

உத்தரகாண்ட் பள்ளத்தாக்குகளில் விடுதி கட்ட இடம் தேடுபவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது சமதளம்தான். செங்குத்து மலைக்கு நடுவே அவ்வளவு மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து கொட்டியது எது என்று கேட்பவர்கள் குறைவு. பக்க ஓடை பெரிய ஆற்றோடு சேரும் இடத்தில் விசிறிபோல் விரிந்த மேடு இருந்தால், அது பெரும்பாலும் பழைய சேற்றுப்பாறைப் பெருக்குகள் (டெப்ரிஸ் ஃப்ளோ) ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுப்போன குவியல். 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் கங்கை ஓடையின் பெருக்கு மூடிய தராலி கிராமம் அப்படியொரு விசிறியின்மேல்தான் இருந்தது. அங்குள்ள கல்ப் கேதார் கோயில் அதற்கு வெகுகாலம் முன்பே பாதிக்குமேல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. இதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை வேண்டுமா?

சேற்றுப்பாறைப் பெருக்கு வெறும் வெள்ளம் அல்ல. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1 டன். சேறும் பாறையும் தண்ணீரும் சேர்ந்த இந்தக் கலவை 2 டன் வரும், ஏறக்குறைய ஈரக் கான்கிரீட். அதற்குள் மூழ்கிய பாறை தன் எடையில் முக்கால் பங்கை இழந்துவிடும். வீடளவு பாறை உருண்டு வருவது அதனால்தான்.

பனியாறு செதுக்கிய நிலத்தில் இதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருக்கும். பனி பின்வாங்கியதும் இருபுறமும் மொரைன் கரைகள் நிற்கும்: கல், மணல், களி எல்லாம் கலந்த தளர்ந்த குவியல். அதுவரை அணைத்து நின்ற பனிச்சுவர் இப்போது இல்லை. பக்கப் பள்ளத்தாக்குகள் முதன்மைப் பள்ளத்தாக்கின் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து இறங்கும் பெருக்கு வேகம் குறையாமலே ஊருக்குள் விழும். பொதுவாக 20 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் கிளம்பும், 10 டிகிரிக்குக் கீழே கொட்டத் தொடங்கும். இடைப்பட்ட குறுகிய ஓடையின் தரையையும் கரையையும் அரித்துக்கொண்டே வருவதால், மேலே கிளம்பியதைப்போலப் பல மடங்கு கீழே வந்து சேரும். ஓடைத்தரை வெறும் பாறையாக இருந்தால் அவ்வளவு பெருக்காது.

வரைபடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓடையின் நீர்பிடிப்புப் பகுதியில் உச்சிக்கும் விசிறித் தலைக்கும் (ஓடை விசிறிக்குள் நுழையும் இடம்) உள்ள உயர வித்தியாசத்தை, அதன் பரப்பளவின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 4 சதுர கி.மீ. பரப்பு, 1.8 கி.மீ. உயரம் என்றால் 0.9. இது 0.6-ஐத் தாண்டினால் சேற்றுப்பாறைப் பெருக்குக்கு ஏற்ற ஓடை, 0.3-க்குக் கீழே என்றால் சாதாரண வெள்ளம். ஆனால் மேலே ஏரி இருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். 2013 ஜூன் 17 காலை கேதார்நாத்துக்கு மேலே மொரைன் தடுத்திருந்த சோராபாரி ஏரி உடைந்து, சில நிமிடங்களில் காலியானது.

களத்தில் ஓடைக்கரையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆறு கல்லைத் தரம்பிரித்து அடுக்கும். பெரிய பாறையும் சேறும் அடுக்கே இல்லாமல் பிசைந்து கிடந்தால், ஓடையின் இருகரையிலும் பாறைகள் வரிசைகட்டி நின்றால், அது சேற்றுப்பாறைப் பெருக்கு விட்டுப்போன தடம். சிறிய கண் வைத்த பாலம் அந்த விசிறியில் இருந்தால் இன்னும் மோசம்: முதல் பாறைகளிலேயே அடைபட்டு, பெருக்கு புதுவழி பிடித்துத் தெருவுக்குள் திரும்பும்.

மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள்; மேலே எங்கோ அடைத்திருக்கலாம். தரை அதிர்ந்தாலோ, தொலைவில் இரைச்சல் கேட்டாலோ ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாமல், குறுக்காக விலகிப் பக்கச் சரிவில் ஏறுங்கள். முதல் அலை போய்விட்டதே என்று சாமான் எடுக்கத் திரும்ப வேண்டாம். இது அலையலையாகத்தான் வரும்.